மூலக்குளத்துக் கதவை உடைத்தவர்

புதுச்சேரி,
3 மார்ச் 2025

அன்புள்ள இஷ்ரத்துக்கு,

1. இதை எழுதுவது கலியபெருமாள், வயது அறுபத்து மூன்று. மிஷன் வீதியில் அலுவலகம் வைத்திருக்கும் வழக்கறிஞர், நோட்டரி. காலஞ்சென்ற உன் தந்தை ஹாஜாவின் பள்ளித் தோழன்.

2. ஜலந்தரிலிருந்து நீ அனுப்பிய நகலில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் என்னுடையவை. மூலக்குளத்தில் அறைகளை வாடகைக்கு விடும் கன்னியப்பனுக்கும், அறுவடை இயந்திரம் ஓட்டப் பஞ்சாபிலிருந்து வந்த ஜஸ்பீருக்கும் இடையே 2023 மே மாதம் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சமரசப் பத்திரம் அது. அறைக் கதவை இரும்புக் கம்பியால் உடைத்ததை ஜஸ்பீர் அதில் ஒப்புக்கொண்டு, ஊரை விட்டுச் செல்லச் சம்மதித்திருக்கிறார்.

3. 'வாண்டலைஸ்' என்ற ஆங்கில வினைச்சொல்லை ஏன் பயன்படுத்தினேன் என்று கேட்டிருக்கிறாய். கன்னியப்பன் தந்த விவரப்படி எழுதினேன். கதவு உடைக்கப்பட்டது என்பதில் தகராறு இல்லை.

4. பத்திரத்தை ஜஸ்பீருக்குத் தெரிந்த மொழியில் படித்துக்காட்டி விளக்கியதாக இறுதியில் சான்றளித்திருக்கிறேன். இவ்வகைப் பத்திரங்களில் வழக்கமாக இடம்பெறும் வாசகம் அது.

5. என் ஆலோசனை: விசா நேர்காணலுக்கு அவர் இதை எடுத்துச் செல்ல வேண்டாம். வழக்கு ஏதும் பதிவாகவில்லை.

குழந்தை லமீஸுக்குக் காய்ச்சல் தணிந்ததா? வருடத்துக்கு ஒரு கடிதம்கூட எழுதாத மகளைப் பற்றி ஹாஜா இருந்திருந்தால் என்னிடம் குறைபட்டிருப்பான். அவன் சார்பில் நான் குறைபட்டுக்கொள்கிறேன்.

ஆசிகளுடன்,
கலியபெருமாள்


ஜலந்தர்,
9 மார்ச் 2025

அன்புள்ள வக்கீல் மாமாவுக்கு,

வணக்கம். லமீஸுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. நீங்கள் குறைபட்டது நியாயம்தான். வாப்பா போன பிறகு யாருக்குக் கடிதம் எழுதுவது என்றே தெரியாமல் போய்விட்டது.

நான் இங்கே பஞ்சாபிக்காரர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். பாதிப் பேர் வெளிநாட்டு வேலைக்குப் போகக் காத்திருப்பவர்கள். ஜஸ்பீர் மாலை வகுப்பில் கடைசி பெஞ்சு. உங்கள் பத்திரத்தை ஒரு பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். "நான் செய்த காரியத்துக்குப் பாண்டிச்சேரி வக்கீல் முத்திரை போட்டுக் கொடுத்தது. ஊரில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறேன். நேர்காணலில் இதைப் பற்றிப் பேச எனக்குச் சொல்லிக்கொடுங்கள்" என்றார்.

மாமா, அவர் அதை நற்சான்றிதழ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அவர் சொன்னது இதுதான். பக்கத்து அறையில் வீராயி என்று ஓர் அம்மா. கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்க வந்து தங்கியிருந்தவர். ஒரு மத்தியானம் அந்த அறை வெளியில் பூட்டியிருக்க, உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டிருக்கிறது. மூன்று தட்டு. வெகுநேரம் ஒன்றுமில்லை. மறுபடி மூன்று. சாவிக்காகக் கன்னியப்பனைத் தேடி ஓடியிருக்கிறார், ஆள் இல்லை. கம்பியால் கதவை உடைத்து, தரையில் கிடந்தவரைத் தூக்கி ஆட்டோவில் கொண்டுபோயிருக்கிறார். இதையெல்லாம் உங்களிடம் சொன்னாராம். பஞ்சாபி உங்களுக்குப் புரியாது என்று, மேசைமேல் விரல்முட்டியால் தட்டியும் காட்டினாராம். நீங்கள் தலையாட்டிக்கொண்டே எழுதினீர்களாம்.

போன வாரம் வகுப்பில் அந்த வினைச்சொல் வந்தது. பொதுச் சொத்தையோ அடுத்தவர் பொருளையோ, கெடுக்க வேண்டும் என்றே கெடுப்பது என்று பஞ்சாபியில் விளக்கினேன். ஜஸ்பீர்தான் எழுந்து கேட்டார்: "மேடம்ஜி, யாரையாவது வெளியே கொண்டுவர உடைத்தால்?" அதற்கு இந்தச் சொல் வராது என்றேன். திருப்தியாக உட்கார்ந்தார். அன்று வகுப்பு முடிந்துதான் பத்திரத்தை என்னிடம் தந்தார். அதே சொல் அதில் இருப்பது அவருக்கு இன்னும் தெரியாது. ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

நேர்காணல் 28ஆம் தேதி. பத்திரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள் என்றால் ஏன் என்று கேட்பார். நான் என்ன சொல்லட்டும்?

நீங்கள் அவருக்குப் படித்துக் காட்டினீர்களா மாமா? இதற்கு மட்டும் நம்பர் போடாமல் பதில் எழுதுங்கள்.

அன்புடன்,
இஷ்ரத்


புதுச்சேரி,
17 மார்ச் 2025

அன்புள்ள இஷ்ரத்துக்கு,

படித்துக் காட்டவில்லை.

கன்னியப்பன் அன்று அவசரப்படுத்தினார். "இவனுக்குத் தமிழும் வராது, இங்கிலீஷும் வராது சார். கையெழுத்து மட்டும் சூப்பரா போடுவான். சட்டுனு முடிச்சி உடுங்க." என் குமாஸ்தா ராஜாதான், "சார், இவரு மேசையத் தட்டித் தட்டி என்னமோ சொல்ல வர்றாரு" என்றான். "கோவத்துல தட்டுறாரு. நீ பேப்பர நீட்டு" என்றேன். நான் தலையாட்டியது உண்மை. சீக்கிரம் முடியட்டும் என்பதற்காக ஆட்டியது அது.

உன் கடிதம் வந்தது முதல் அந்த மேசையில் என்னால் எழுத முடியவில்லை. கட்சிக்காரர் எவரேனும் கதவைத் தட்டினால் எண்ணத் தொடங்கிவிடுகிறேன். மூன்றோடு நின்றுவிட்டால், திறக்க எழுவதற்கு உடல் மறுக்கிறது. தட்டுபவர் வெளியே நிற்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட பிறகே எழ முடிகிறது.

நேற்று மூலக்குளம் சென்றேன். கன்னியப்பன் முகம் கொடுக்கவில்லை. அவர் மனைவி நிர்மலாதேவி வாசல் வரை வந்து பேசினார்.

"பூட்டுனது இவருதான் சார். அந்தம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கும்னு நெனச்சிப் பூட்டிட்டாரு. அது உள்ளதான் படுத்துனு இருந்திருக்கு. மூணாம் நாள் செத்துப் போச்சி. பழி நம்ம மேல வந்துடும்னு அந்தப் பஞ்சாபிக்காரர் மேல திருப்பி உட்டாரு."

இப்போது அந்த அறையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"யாருக்கும் உடறதில்ல. தட்டுற சத்தம் கேக்குதாம்."

"உங்களுக்குக் கேட்கிறதா?"

"எனக்குக் கேக்கல சார். அவருக்குத்தான் கேக்குது."

கீழே உள்ள வாக்குமூலத்தைப் பழைய பத்திரத்துடன் சேர்த்து ஜஸ்பீருக்குப் பஞ்சாபியில் முழுமையாகப் படித்துக் காட்டு. அந்த வினைச்சொல்லைத் தாண்டிச் செல்லாதே. அவர் என்னைப் பற்றி என்ன சொன்னாலும் மெருகேற்றாமல் எழுதியனுப்பு. விசா கிடைக்கும் என்று உறுதி கூற எனக்குத் தகுதியில்லை. வாக்குமூலத்தின் ஒரு படியை, என்னை நோட்டரியாக நியமித்த அதிகாரிக்கு, என் நோட்டரி முத்திரையையும் சேர்த்து இன்று காலை அனுப்பிவிட்டேன்.

வாக்குமூலம்

கலியபெருமாள் ஆகிய நான் உறுதியுடன் கூறுவதாவது: மூலக்குளத்துக் கதவை ஜஸ்பீர் உடைத்தது, உள்ளே அகப்பட்டிருந்த வீராயியை வெளியே கொண்டுவருவதற்காக. அதை அவர் தம் மொழியிலும் சைகையாலும் என்னிடம் தெரிவித்தார். புரிந்துகொள்ள நான் முயலவில்லை. பத்திரத்தில் அவர் செயலைக் குறிக்க நான் இட்ட சொல் தவறு. அதை அவருக்குப் படித்து விளக்கியதாக நான் அளித்த சான்று பொய்.

(ஒப்பம்) கலியபெருமாள்

சாட்சிகள்:
1. ராஜா, குமாஸ்தா
2. நிர்மலாதேவி, க/பெ. கன்னியப்பன், மூலக்குளம்