அறுந்த செருப்பும் அழித்த பொட்டும்

இன்று வெள்ளவத்தைச் சந்தை வாசலில் என் செருப்பு வார் அறுந்தது. "ட்ரஜடி" என்று வாய் தானாகச் சொன்னது. மீன் வாங்க நின்றவர் திரும்பிப் பார்த்தார். சிரிக்க நீ இல்லை.

உனக்கு எல்லாமே ட்ரஜடிதான். சம்பல் உறைத்தால், பஸ்ஸைத் தவறவிட்டால், குழாயில் தண்ணீர் நின்றால், நாம் இருவரும் வாடகைக்கு இருந்த அந்த ஒற்றை அறையில் அந்தச் சொல் விழும். ஆனால் எங்காவது குண்டு வெடித்ததென்று வானொலி சொன்னால் வாயே திறக்க மாட்டாய். ஏனென்று ஒருநாள் கேட்டேன்.

"எடியே, சின்னதுகளுக்குச் சொல்லிச் சொல்லி அதைத் தேய்ச்சுப்போட வேணும். பெரிசுக்குச் சொன்னா, கூப்பிட்ட மாதிரி வந்திடும்."

படித்தவள் கதைக்கிற கதையா இது என்று கேலி செய்தேன்.

பிறகு அந்தப் பின்னேரம். நீ வேலை முடிந்து வரும் ரயிலில் குண்டு வெடித்துவிட்டது என்று பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து சொன்னார். குண்டுக்குப் பயம் ஒன்று. அதற்குப் பின் பொலிசார் தெருவில் தமிழரைப் பிடித்து ஜீப்பில் ஏற்றுவார்களே, அந்தப் பயம் இன்னொன்று. ஆனாலும் உன்னைத் தேடிப் போகவேண்டும். அடையாள அட்டையை எடுத்தேன். கண்ணாடி முன் நின்று பொட்டை அழித்தேன். குண்டு வெடித்த நாட்களில் தெருவில் தமிழர் என்று தெரியாமலிருக்க நாம் வழக்கமாகச் செய்கிற வேலைதான். அன்று வெறும் நெற்றியைப் பார்த்ததும் நீ செத்துவிட்டாய் என்றே நினைத்தேன். உன் சொல் நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்து விழுங்கினேன்.

வாசல் கேற் திறந்தது. வெறுங்காலோடு நீ. கையில் அறுந்த செருப்பு. மருதானை ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் அறுந்ததாம். தைப்பவரைத் தேடி அலைந்ததில் அந்த ரயில் போய்விட்டதாம்.

"செருப்பு அறுந்து போச்சடி. சரியான..." என்று தொடங்கி, என் நெற்றியைப் பார்த்து நிறுத்தினாய். "ஏனடி பொட்டை அழிச்சனீ?"

"உன்னைத் தேடி வர."

வரும் வழியில் நீயும் அழித்திருந்தாய். இரண்டு வெறும் நெற்றிகளோடு நிலத்தில் இருந்து அழுதோம்.

போன மாதம் கனடாவிலிருந்து உன் மகள் தொலைபேசியில் அழைத்தாள். நீ நோயில் போய்விட்டாய் என்றாள். "பெரிய ட்ரஜடி, அன்ரி."

"அப்பிடிச் சொல்லாதை பிள்ளை!" என்று கத்திவிட்டேன். இனி வருவதற்கு என்ன இருக்கிறது? ஆனாலும் பயந்தேன்.

இன்று செருப்பைத் தைக்கக் கொடுக்கவில்லை. கையில் தூக்கிக்கொண்டு, உன்னைப் போல வெறுங்காலோடு நடந்தேன். தெருவில் யாரோ பட்டாசு கொளுத்தினார்கள். சண்டை முடிந்து எத்தனையோ காலம். என் விரல் மட்டும் அதற்குள் நெற்றிக்குப் போய், பொட்டைப் பாதி அழித்துவிட்டது.