கிரனோலா சொல்லிக்கொடுத்த சார்

ஆனி 2, திங்கள்

காலையிலேயே வெயில் முகத்தில் அறைகிறது. தண்ணீர் வந்தது, பிடித்தாயிற்று.

மகள் காயத்ரி ஊருக்கு வந்திருக்கிறாள். ஆபீஸ் வேலையை மாடி அறையிலிருந்தே பார்க்கிறாள். இட்லி வேண்டாம், பொங்கல் வேண்டாம். சென்னையிலிருந்து ஒரு பாக்கெட் கொண்டுவந்து, அதைப் பாலில் போட்டு மொறுமொறு என்று மெல்கிறாள். பெயர் கிரனோலா. ஓட்ஸும் பருப்பும் வெல்லப்பாகில் கட்டி கட்டியாய். ஒன்று வாயில் போட்டேன். பொரிவிளங்காய் உருண்டைக்குச் சித்தி மகள் மாதிரி இருந்தது. அடடா, இவ்வளவுதானா! வீட்டிலேயே செய்தால் என்ன?

வாங்க: ஓட்ஸ், பாதாம், பூசணி விதை. வெல்லம், எள், வேர்க்கடலை இருக்கிறது.

முதல் சம்பளத்தில் அவள் வாங்கித் தந்த ஓவனுக்குள் இதுவரை முறுக்கு டப்பாதான் குடியிருந்தது. டப்பாவை எடுத்தேன். பின்னாலிருந்து ஒரு பல்லி. அலறிய அலறலில் தறியிலிருந்து இவர், "இன்னா ஆச்சி? கை சுட்டுக்கினியா?" என்றார். இன்னும் ஸ்விட்சே போடவில்லை.

ஆனி 3, செவ்வாய்

முதல் தட்டு பாழ். அடி பிடிக்கக் கூடாதே என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கிண்டினேன். வெளியே எடுத்தால் ஒரு கட்டி இல்லை. எல்லாம் உதிரி உதிரியாய், கோழித் தீவனம்.

காயத்ரி போனில் ஒருவரைப் பிடித்துக் கொடுத்தாள். "எனக்குத் தெரிஞ்சவரும்மா. இளங்கோ. சூப்பரா பண்ணுவாரு, கேட்டுக்கோ." சமையல் வகுப்பு எடுப்பவர் போல. என்ன பொறுமை!

"கிண்டவே கூடாதும்மா. தட்டுல கரண்டியால நல்லா அமுக்கி வெச்சிடுங்க. வெந்து எடுத்ததும் கை வெக்காதீங்க. ஆற வுட்டு அப்பறம் உடைங்க."

"அவ்ளோதானா சார்?"

"ஒரு முட்டையோட வெள்ளைக்கரு மட்டும் அடிச்சி ஊத்துங்க. கட்டி சும்மா கெட்டியா நிக்கும்."

தூக்கிவாரிப் போட்டது. இனிப்பில் முட்டையா! எந்த ஊர் வழக்கம் இது? ஆனாலும் செய்தேன். கட்டி கட்டியாய் வந்ததைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். முட்டை வாசனையே இல்லை. இவர் மூன்று கட்டி எடுத்தார். சாரிடம் சொல்ல நான் போட்ட போனை வாங்கி, "சார் வணக்கம். எங்க ஊட்டம்மாவுக்கே சொல்லிக் குடுத்துட்டீங்களே, கெட்டிக்காரர்தான்" என்றார். முன்பின் தெரியாத ஆளிடம் இவர் போனில் பேசி நான் பார்த்ததே இல்லை.

"சார்னுலாம் சொல்லாதீங்கம்மா" என்றார் அவர் என்னிடம். பெரிய மனசு.

ஆனி 6, வெள்ளி

விடியற்காலையில் தறிக்கான பாவு நூலைத் தெருவில் நீட்டினோம். பட்டு இழைக்குக் கஞ்சி அடித்து, காய்ந்ததும் சுருட்டியாயிற்று. எதிர்வீட்டார் நாலு பேர் கை கொடுத்தார்கள். மேகம் வந்து பயம் காட்டிவிட்டுப் போனது.

கிரனோலா டப்பா காலி. மறுபடி செய்ய வேண்டும். ஆனால் வெள்ளிக்கிழமை, வீட்டுக்குள் முட்டை கூடாது. என்ன செய்வது என்று நிற்கிறேன். இவர் சொன்னார்: "ஒட்டணும், அவ்ளோதானே? பாவுக்கு அடிச்ச கஞ்சி மிச்சம் கீது பாரு. அரிசிக் கஞ்சிதானே, இன்னா கெட்டுப் போச்சி? பட்டு இழையே பிரியாம நிக்குது, உன் ஓட்ஸ் நிக்காதா?"

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஒரு குவளை ஊற்றினேன்.

ஐயோ. ஆறின பிறகு தட்டைக் கவிழ்த்தேன், விழவில்லை. கத்தி விட்டேன், நுழையவில்லை. இவர் குழவிக்கல்லால் உடைத்து, ரோஷத்தில் பெரிய துண்டாய்ப் பார்த்துக் கடித்தார். டக். முன்பல்லில் ஒரு மூலை கையில் வந்துவிட்டது. அவர் பல்லைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன். காயத்ரி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள் சிரித்து.

சாருக்குப் போன் செய்து சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்புத் தாளாமல் பேச்சே வரவில்லை. அப்புறம், "அப்பாவுக்கு வலி இருக்காம்மா? கிராம்பு வெக்கச் சொல்லுங்க" என்றார். அப்பா என்றார். எவ்வளவு மரியாதையான பிள்ளை!

அந்த நல்ல மனசைப் பார்த்துத்தான் கேட்டேன். "சார், எங்க பொண்ணுக்கு வரன் பாத்துகினு கீறோம். உங்களுக்குத் தெரிஞ்சி நம்ம ஆளுங்கள்ல நல்ல பையன் இருந்தா சொல்லுங்க. குடி, கிடி இருக்கக்கூடாது. அவளக் கண்ணுல தண்ணி வராம வெச்சிக்கணும்." லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். பிறகுதான், "பாக்கறேம்மா" என்றார்.

ஆனி 7, சனி

எழுதினாலாவது மனசு அடங்குமா பார்க்கிறேன்.

அடுப்படியில் காயத்ரி பக்கத்தில் நின்று டீ போட்டுக்கொண்டிருந்தாள். பெருமையாய்ச் சொன்னேன், "சார்கிட்ட உனக்கு மாப்ள பாக்கச் சொல்லியிருக்கேன்" என்று. டீ வடிகட்டியோடு அப்படியே நின்றாள்.

"ம்மா, அவர்தாம்மா."

"எவர்தான்?"

"போன மாசம் ரிஜிஸ்டர் பண்ணிக்கினோம்."

பால் பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் அணைக்கவில்லை.

சமையல் வகுப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. இளங்கோவுக்கு அவள் ஆபீஸில்தான் வேலை. வெம்பாக்கம் பக்கம் கிராமம். அப்பா, அம்மா இரண்டு பேரும் கூலி வேலை. என்ன ஆளுங்க என்று கேட்டேன், சொன்னாள். நம்மவர்கள் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் நம்மவர்கள் இல்லை. அந்தக் குரலையும் மரியாதையையும் கேட்டு, நம்ம ஆள்தான் என்று நானே முடிவு கட்டியிருந்தேன்! வெட்கமாக இருக்கிறது. அவரிடமே போய், நம்ம ஆளுங்கள்ல பையன் பாருங்க என்று கேட்டேனே. அதைக் கேட்டு எப்படி இருந்திருக்கும் அந்தப் பிள்ளைக்கு? ஏமாற்றிய பிள்ளைக்காக நான் ஏன் இதை யோசிக்கிறேன்? கோபமும் வருகிறது. என்னை வைத்துக் கூத்தடித்திருக்கிறார்கள் இரண்டு பேரும்.

"உங்களுக்கு அவரப் புடிச்சிட்டா அப்பறம் சொல்லலாம்னு..." என்று அழுதாள். பிடித்துத்தான் போயிற்று. அதுதான் தாங்கவில்லை.

"அப்பாகிட்ட நீதாம்மா சொல்லணும்."

நானா!

ஆனி 8, ஞாயிறு

சொல்லவில்லை. தறியில் இருக்கும்போது சொன்னால் இழை அறும். நாளைக்கு அமாவாசை, தறி கிடையாது. நாளைக்குத்தான்.

கேஸ் புக் செய்ய வேண்டும். ரசத்தில் இரண்டு தடவை உப்பு.

இவர் உடைந்த பல்லோடு சாப்பிட்டுக்கொண்டே, "அந்த சாரக் கேட்டு முட்டை போட்டே செஞ்சிடு, அதான் பேஷ்" என்கிறார். இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன்.

ஆனி 9, திங்கள், அமாவாசை

படைத்து, காக்கைக்குச் சோறு வைத்து, இவர் சாப்பிட்டு முடித்ததும் சொன்னேன்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே, "உனக்குத் தெரியும்" என்றார்.

"முந்தாநேத்துதாங்க எனக்கே..."

"உனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும். அவங்க ஊட்டுல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். கூடிச் சிரிச்சிருப்பாங்க. நான் ஒருத்தன்தான் பல்ல ஒடச்சிக்கினு, சார் சார்னு பேசிகினு இருந்திருக்கேன்."

மாடிப்படியைப் பார்த்து, குரலை உயர்த்தாமலே சொன்னார்: "அவள ஜல்தியா கெளம்பச் சொல்லு. இனிமே இங்க வர வேணாம்."

இருபத்தாறு வருஷம் வளர்த்த பெண்ணைப் பற்றி, பஸ்ஸுக்கு நேரம் சொல்வது போலச் சொல்லிவிட்டார். காயத்ரி பையை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். "போய்ட்டு வரேம்பா" என்றாள். இவர் தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார். பஸ் ஸ்டாண்டு வரை நான் போனேன். சென்னை பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது. கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள், கண்டக்டர் விசில் கொடுக்கும் வரை.

இனி இந்த வாசலை மிதிப்பாளா? என் பெண்ணைப் பார்க்க நான் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

ஆனி 10, செவ்வாய்

மழை வரும்போல வந்து வரவில்லை. சாப்பாட்டைக் கூடத்தில் வைத்துவிட்டு வந்துவிடுகிறேன். தறிச் சத்தம் மட்டும். வழக்கத்தைவிட வேகம்.

காயத்ரி: "வந்து சேந்துட்டேம்மா. சாப்டியா?" என்று மெசேஜ். அழுதுவிட்டேன்.

ஆனி 11, புதன்

காலை பத்து மணிக்கு அந்தப் பிள்ளைக்குப் போன் போட்டேன். என்ன பேசப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

"சொல்லுங்கம்மா" என்றான், பயந்த குரலில்.

"உங்க அம்மா நம்பர் குடு" என்றேன். வாங்க, போங்க வரவில்லை. கோபத்தில் வந்ததா, வேறு எதிலா, தெரியாது.

அந்த அம்மா கடலைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாராம். நான் இன்னார் என்றதும் பதறிவிட்டார்.

"ஐயோ, நாங்க ஒண்ணும் பண்லீங்கம்மா. சாமி சத்தியமா எங்களுக்கே போன வாரந்தான் தெரியும். கேட்டதும் இவங்க அப்பா அப்பிடியே வரப்பு மேல குந்திட்டாரு. ரெண்டு நாளா சோறு திங்கல."

அங்கேயும் இதேதானா!

ஏதாவது பேச வேண்டுமே என்று கிரனோலா கதையைச் சொன்னேன். முட்டையை உடைத்து வெள்ளைக்கருவை மட்டும் பிரிக்க உங்கள் மகன்தான் கற்றுக்கொடுத்தான் என்று.

"இவனா! ஊட்ல ஒரு டம்ளர் கழுவி வெச்சதில்லீங்கம்மா!"

சிரித்துவிட்டோம். சிரித்த பிறகு இரண்டு பேருக்கும் என்னவோ ஆகிவிட்டது. அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: "உங்க பொண்ண நாங்க நல்லா வெச்சிக்குவோம்மா. ஆனா அதுக்கு அம்மா ஊடு வோணும். அத்த நாங்க எங்கருந்து குடுக்கறது?"

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். தறிச் சத்தம் இல்லை. எப்போது நின்றதோ.

"யார்கிட்ட பேசிகினு இருந்த?"

"சம்பந்தியம்மாகிட்ட."

வாயிலிருந்து வந்தே விட்டது. எனக்கே திக்கென்றது. உள்ளே இழுத்துக்கொள்ளவும் முடியாது.

இவர் தறிக்குழியிலிருந்து எழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

"அவங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"இல்லீங்க. போன வாரந்தானாம். அந்த மனுஷன் ரெண்டு நாளா சோறு திங்கலியாம்."

நெய்த பட்டை ஒருமுறை கையால் தடவி, மேலே துணியைப் போட்டு மூடினார். பிறகு குழியிலிருந்து ஏறி வந்தார்.

"இன்னொரு தபா போன் போடு. அவரு இருந்தா குடுக்கச் சொல்லு. நான் பேசறேன்."

நான் நம்பரைத் தேடுவதற்குள், "இரு, இரு" என்று தடுத்தார். வெறும் உடம்போடு இருந்தார், தறியில் எப்போதும் இருப்பது போல. வீடியோ கூட இல்லை, வெறும் போன்தான். சட்டை மாட்டிக்கொண்டு வர உள்ளே போயிருக்கிறார்.