ஏழு வயதுச் சட்டை

பிரிக்ஃபீல்ட்ஸ் துணிக்கடையில் புதுச்சட்டைகளின் கஞ்சி வாசனை மூக்கில் ஏறியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்கு நான் சரியாக நடந்துகொள்ளப் போவதில்லை என்று. தீபாவளிக் கூட்டம். நிற்க இடமில்லை. உன் அத்தை மகன் கவினுக்கு ஒரு ஜிப்பா எடுக்கத்தான் நானும் உன் அப்பாவும் கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்திருந்தோம். கடைப்பெண் ஒரு மஞ்சள் ஜிப்பாவை உதறிக் காட்டி, "புள்ளைக்கு எத்தன வயசு ஆன்டி?" என்று கேட்டாள். கவினுக்கு மூன்று வயது. நான் "ஏழு" என்றேன். உன் அப்பா திரும்பிப் பார்த்தார்.

கவினை உனக்கு நினைவிருக்குமே. உனக்குப் பிடிக்கவே பிடிக்காத ஆள். காப்பாரில் நம் வீட்டுக்கு அத்தை அவனைத் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் போட்டால் போதும், கார்ட்டூனை அப்படியே விட்டுவிட்டு ஓடி வருவாய். "எறக்கி விடும்மா! அந்த மடி சாயா பூஞா!" என்று அவன் காலைப் பிடித்து இழுப்பாய். பாலர் பள்ளியில் சேர்த்த முதல் வாரத்தில் நீ கற்றுக்கொண்டு வந்த மலாய் அந்த இரண்டு வார்த்தைதான். என்னுடையது! கலர் பென்சில் சாயா பூஞா. ரொட்டி சானாய் சாயா பூஞா. அப்பாவின் ஹெல்மெட் சாயா பூஞா. பக்கத்து வீட்டுப் பூனைகூட சாயா பூஞா.

"ஏன்டா இப்படி பொறாம புடிச்சு அலையிற?" என்று அத்தை சிரிப்பாள்.

"அவங்க அம்மா மாதிரி லா, வேற யாரு மாதிரி?" என்பார் உன் அப்பா.

அவர் சொன்னதில் தப்பில்லை. அத்தை கையால் நீ இரண்டு வாய் சோறு வாங்கினால் எனக்குப் பொறுக்காது. டீச்சருக்கு நீ ரோஜாப்பூ வரைந்து கொடுத்தாய் என்று கேள்விப்பட்டு, உன்னோடு முகம் கொடுத்துப் பேசாமல் திரிந்தவள் நான். சாயங்காலம் எனக்கும் ஒன்று வரைந்து கொண்டுவந்து நீட்டினாய். பார்த்தால் லோரி. டீச்சருக்கு ரோஜா, பெற்றவளுக்கு லோரியா என்று அதற்கும் சேர்த்துத் திட்டினேன். "பெரிய லோரிம்மா, பத்து டயர்" என்றாய். அந்த லோரி இன்னும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது.

உன் ஐந்து வயதில் ஒரு சனிக்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவன், வாயெல்லாம் நுரையோடு வந்து, "தல வலிக்குதும்மா" என்று என் மடியில் சாய்ந்தாய். அப்புறம் நீ பேசவில்லை. மூளைக்குள் ஒரு ரத்தக்குழாய் பிறவியிலேயே சரியில்லாமல் இருந்து வெடித்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேரும்போது உன் இதயம் நின்றிருந்தது. நெஞ்சை அமுக்கி, ஷாக் கொடுத்து, ஓட வைத்தார்கள். அது ஓடியது. மூளை மட்டும் திரும்பி வரவில்லை. பெரிய டாக்டர்கள் இரண்டு தடவை சோதித்துப் பார்த்துவிட்டு, மூச்சு விடுவது மெஷின்தான், உங்கள் பிள்ளை இல்லை என்று சொன்னார்கள். உன் கை சூடாக இருந்தது. அந்தச் சூட்டைப் பிடித்துக்கொண்டு நான் எப்படி நம்புவது?

அதன் பிறகுதான் அந்த மலாய்க்காரப் பெண் வந்தாள். உறுப்பு தானத்துக்காகக் குடும்பங்களோடு பேசுகிறவள். சாம்பல் நிறத் துடோங்கால் தலையை மூடிக் கட்டியிருந்தாள், மெதுவாகப் பேசினாள். கூடவே ஒரு சீன டாக்டர். சிறுநீரகம் கொடுக்கலாம், ஈரல் கொடுக்கலாம் என்றார். இதயத்தை மட்டும் முழுசாக யாருக்கும் வைக்க முடியாது, ஒரு தடவை நின்று ஓடியதில் தசை தளர்ந்துவிட்டது என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. என் பிள்ளை ஹார்ட் யாருக்கும் ஆகாதாமா? கொடுக்கலாமா வேண்டாமா என்றே நான் முடிவு செய்யவில்லை, அதற்குள் குறை சொல்கிறார்கள்!

டாக்டர் பொறுமையாக மேலே சொன்னார். தசைதான் தளர்ந்தது, வால்வுகள் சுத்தமாக இருக்கின்றன. வால்வு கெட்டுப்போய் ஒரு குழந்தை காத்திருக்கிறது. உறைய வைத்த வால்வைப் பொருத்தினால் அது வளராது, குழந்தை வளர வளர நெஞ்சைத் திரும்பத் திரும்பத் திறந்து மாற்ற வேண்டும். உயிரோடு எடுத்து உடனே வைத்தால், குழந்தையோடு சேர்ந்து அதுவும் வளரும் என்று நம்புகிறோம், இங்கே இது புதுசு என்றார்.

உன் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வால்வு நல்லா இருக்குன்னா குடுத்துடலாம்" என்றார்.

அவருக்கு வேலை ஹாஃப்கட் கடையில் என்பது உனக்குத் தெரியும். ஓடாத காரைப் பாதியாக வெட்டி, நல்ல சாமானைக் கழற்றி விற்கிற கடை. நீகூட அங்கே போய் ஒரு பழைய எஞ்சின் வால்வை எடுத்துக்கொண்டு வந்து, அதையும் சாயா பூஞா என்று தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கியவன்தானே. அந்த நேரத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எம்புள்ள என்ன ஹாஃப்கட்டா? எஞ்சின் போச்சு, வால்வக் கழட்டுன்றீங்க?"

அவர் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். பாவம், அவருக்குத் தெரிந்த வார்த்தையில்தான் அவர் அழுதார். எனக்கு அப்போது அது புரியவில்லை.

அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் அவள் முகத்துக்கு நேரே கத்தினேன். தமிழில் கத்தியிருக்கலாம். வாயில் வந்தது உன் மலாய்தான்.

"சாயா பூஞா! சாயா பூஞா!"

அவள் நகரவில்லை. "யா, காக். காக் பூஞா. செபாப் இத்து சாயா தாஞா" என்றாள். ஆமாம் அக்கா, உங்களுடையதுதான். அதனால்தான் உங்களைக் கேட்கிறேன்.

அப்போதுதான் நான் உட்கார்ந்து அழுதேன். அந்த இரண்டு நாளில் எல்லோரும் என்னிடம் எதையோ சொல்லிக்கொண்டே இருந்தார்கள். என்னைக் கேட்டது அவள் ஒருத்திதான். அழுது முடித்து, "கொடுக்கிறேன், ஆனா சாயா பூஞா" என்றேன், பாதி தமிழில், பாதி மலாயில். அவள் சிரிக்கவில்லை. "யா, காக்" என்று இன்னொரு தடவை சொன்னாள்.

உன்னை மண்ணில் வைத்தோம். சில வாரம் கழித்து அவள் போன் பண்ணி, வால்வு பொருத்திய குழந்தை நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். பேர் சொல்லக்கூடாதாம், ஊர் சொல்லக்கூடாதாம். ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்டுப் பார்த்தேன். சொல்லவில்லை.

நல்ல சேதிதானே, சந்தோஷப்பட வேண்டியதுதானே என்கிறார்கள். அத்தை சொல்கிறாள், கோயிலில் பார்க்கிறவர்கள் சொல்கிறார்கள். புண்ணியம் பண்ணியிருக்கிறாயாம். எனக்கு வயிறு எரிகிறதடா. அந்தப் பிள்ளைமேல் இல்லை, அதன் அம்மாமேல். சுங்கை வேயிலோ சாலாக் செலாத்தானிலோ எங்கேயோ ஒருத்தி, பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருப்பாள். போன மாசம் வாங்கிய சப்பாத்து இந்த மாசம் காலுக்குப் பத்தவில்லை என்று அலுத்துக்கொள்வாள். அலுத்துக்கொள்ள அவளுக்குக் கொடுத்து வைத்திருக்கிறது! உன் சப்பாத்து வாசலில் அதே அளவில் நிற்கிறது. நீ வளரவில்லை. உன்னுடைய ஒன்று, என் வயிற்றுக்குள் உருவான ஒன்று, அவள் வீட்டில் அவள் சமைப்பதைத் தின்று வளர்ந்துகொண்டிருக்கிறது.

ஒரு தடவை ரயிலில் ஒரு குழந்தையைப் பார்த்தேன். கழுத்துப் பட்டன் திறந்திருந்தது, நெஞ்சில் நேர்க்கோடாக ஒரு தழும்பு. கிள்ளான் ஸ்டேஷன் வரும்வரை கண் எடுக்கவில்லை. அதன் அம்மாவுக்குப் பயம் வந்திருக்க வேண்டும், பட்டனைப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் திருப்பி உட்கார வைத்துக்கொண்டாள். ஒரே ஒரு நிமிஷம் அந்த நெஞ்சில் காதை வைத்துக் கேட்க விடம்மா என்று வாய் வரை வந்தது. இறங்கிப் போய்விட்டேன்.

இன்றைக்கு ரயிலில் திரும்பி வரும்போது, உன் அப்பா பையிலிருந்து ஜிப்பாவை எடுத்து விரித்துப் பார்த்தார். கவினுக்குச் சின்னதாக இன்னொன்று வாங்கியிருந்தோம். இது அதுக்கு இரண்டு பங்கு.

"இது கவினுக்குப் பெருசு லா."

"தெரியும்."

"பின்ன யாருக்கு?"

"சாயா பூஞா" என்றேன்.

அவர் மடித்து உள்ளே வைத்தார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "ஏழு ஆயிருக்கும் இல்ல?" என்றார். எங்கேயோ உன் வால்வு வளர்ந்துகொண்டிருப்பதால், உன் வயதைக் கணக்கில் விட எங்களால் முடியவில்லை.

ஜிப்பாவை உன் அலமாரியில் போன வருஷத்து ஆறு வயதுச் சட்டைக்கு மேல் வைத்திருக்கிறேன். பொறாமை போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். அவள் முகம் தெரியாமலே அவளைத் திட்டிக்கொண்டுதான் சாமி கும்பிடுகிறேன். ஆனாலும் கடைசியில் கேட்பது ஒன்றுதான். அந்தப் பிள்ளைக்கு இந்த வருஷத்துச் சட்டை அடுத்த வருஷம் பத்தக்கூடாது. நான் எட்டு வயதுச் சட்டை வாங்க வேண்டும்.