கையேட்டில் இல்லாத விதி

அண்ணாவுக்கு,

ரொசாரியோவில் விடாத மழை. அப்பாவின் அடக்கத்துக்கு நீ ஏன் வரவில்லை என்று கேட்க எழுதவில்லை. எனக்கு ஒரு சந்தேகம், அவ்வளவுதான்.

சின்ன வயதில் நாம் கணினியில் ஆடிய அந்த டிராகன் விளையாட்டை என் மகள் ஐலென் இணையத்தில் வாங்கியிருக்கிறாள். இப்போது பெட்டியும் கிடையாது, புத்தகமும் கிடையாது; கையேடு திரையிலேயே திறக்கிறது. அதன் ஆங்கிலத்தை ஃபோனே ஸ்பானிஷில் சொல்லிவிடுகிறது. அன்று நம் வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவன் நீ ஒருவன்தான். நீ கையேட்டை வாசிப்பாய், நான் விசைகளை அழுத்துவேன்.

"குகைக்குள்ள போறதுக்கு முன்னாடி, வாசிக்கிறவனுக்குப் பாதி அல்ஃபஹோர் குடுக்கணும். நானா சொல்றேன்? புக்குல போட்டிருக்குடி!" என்பாய். என் பிஸ்கட்டில் பாதி போய்விடும்.

இதைச் சொன்னதும் ஐலென் கையேடு முழுக்கத் தேடிவிட்டுச் சிரித்தாள்.

"அம்மா, அப்படி ஒண்ணுமே இல்ல. மாமா உன்ன நல்லா ஏமாத்தியிருக்காரு!"

தின்றது போகட்டும். நீ சொன்ன இன்னொரு விதியையும் நானே தேடிப் பார்த்தேன், அதுவும் இல்லை. "சமையக்கட்டுல சத்தம் கேட்டா சவுண்டக் கூட்டு. திரும்பிப் பாக்காத. பாத்தா டிராகன் முழிச்சிக்கும்."

யோசித்துப் பார்க்கிறேன், அம்மா மட்டும் சமையலறையில் இருந்து, அப்பா வெளியே போயிருந்த நேரத்தில் அந்த விதியை நீ ஒருநாளும் வாசித்ததில்லை.

அச்சுப் புத்தகம் உன்னிடம்தானே இருக்கிறது? ஒருவேளை அதில் மட்டும் போட்டிருக்கிறதோ? பதில் எழுதாதே. புத்தகத்தோடு வந்து வாசித்துக் காட்டு. அல்ஃபஹோர் வாங்கி வைத்திருக்கிறேன், உனக்கு முழுசாக ஒன்று.

இப்படிக்கு,
திரும்பிப் பார்க்காமலே வளர்ந்த உன் தங்கை