சமையலறைக் குழாய்க்குப் பதினைந்து ரூபாய் கூடுதல்

நேற்று உன் வீட்டுச் சமையலறைக் குழாயைக் கழற்றினேன். மரையில் சுற்றியிருந்த சணல் கறுத்து ஊறிப்போய், அந்தப் பழைய நாற்றத்தோடு கையில் வந்தது. தேவைக்கு மேல் இரண்டு சுற்று. உன் கைவேலைதான். நீ செத்துப்போய் ஒரு வருஷம் ஆகிறது. அதைப் பார்த்ததும் உன்மேல் கோபம் இன்னும் ஆறவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

உத்திரமேரூரைச் சுற்றி வீட்டுக்கு வீடு மாடியில் கறுப்புத் தொட்டி ஏறத் தொடங்கிய தொண்ணூறுகளின் கடைசியில் நாம் கூட்டாக ஆரம்பித்தோம். நீ ஊர்த்தெருக்காரன், நான் காலனிக்காரன். ஒரே மொபெட், ஒரே பெட்டி. பெட்டி மூடியின் உட்புறம் வெள்ளைப் பெயிண்டில் ரேட்டை எழுதினாய். வந்து பார்க்க இவ்வளவு, குழாய் மாற்ற இவ்வளவு, தொட்டி கழுவ இவ்வளவு. "ஆளப் பாத்து ரேட்டு சொல்லக்கூடாதுடா, வேலையப் பாத்து சொல்லணும்" என்றாய். எனக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போனது. காவாந்தண்டலம் வரைக்கும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு வரி மட்டும் உறுத்தியது. குளியலறைக் குழாய்க்கு நாற்பது ரூபாய், சமையலறைக் குழாய்க்கு ஐம்பத்தைந்து. குழாயும் ஒன்று, மரையும் ஒன்று. கேட்டதற்கு, "சமையக்கட்டுல எடம் கம்மிடா. குனிஞ்சிக்கினே செய்யணும், இடுப்பு பூடும். அத நான் பாத்துக்கிறேன், நீ மேல டேங்க்கப் பாரு" என்றாய். என் இடுப்பைக் காப்பாற்றுகிறாய் என்று நினைத்தேன், அவ்வளவு மட்டி நான். சாயங்காலம் அந்தப் பதினைந்தையும் சரிபாதியாகப் பிரித்துக் கொடுப்பாய்.

ஐந்தாவது வருஷம் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று நான் தனியாகப் போனேன். அந்த அம்மா வாசற்படியிலேயே மறித்தார். "அவரு வரட்டும்பா. உன்ன உள்ள இட்டாரமாட்டேன்னு சொல்லித்தான பதினஞ்சு ரூபா சேத்து வாங்கிக்கினு கீறாரு?" குரலில் கோபம்கூட இல்லை. கடையில் விலை விசாரிப்பதுபோல்தான் கேட்டார்.

நேராக உன்னிடம் வந்தேன். வாசலில் கட்டிலில் போர்த்திக்கொண்டு கிடந்தாய். நீ மறுக்கவில்லை. "இல்லன்னா அந்த வூட்டு வேலையே கெடைச்சிருக்காதுடா. துட்டுல பாதி உனக்கும்தான வந்துச்சி. இன்னாத்துக்கு பேஜார் பண்ற?"

அந்தப் பாதிதான் என்னைக் கொன்றது. என்னை வெளியே நிறுத்தியதற்கு வாங்கிய கூலியில், ஐந்து வருஷமாக, நானும் சோறு தின்றிருக்கிறேன். அந்த வீட்டுக்காரர்களை எனக்கு முன்பே தெரியும். அவர்களிடம் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை. உன்னைத்தான் நம்பினேன்.

மறுநாளே பிரிந்தோம். மொபெட்டை நீ வைத்துக்கொண்டாய், பெட்டி என்னிடம் வந்தது. முதல் வேலையாகச் சமையலறை வரியைப் பெயிண்ட் அடித்து அழித்தேன். சில வீடுகள் என்னைக் கூப்பிடுவதை நிறுத்தின. அதற்குப் பிறகு உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை, நீ போகும்வரைக்கும்.

நேற்று உன் மனைவி ஆளனுப்பியபோது யோசித்துவிட்டுத்தான் கிளம்பினேன். "உள்ள வாண்ணா" என்றது தங்கச்சி. உன் வீட்டில் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறேன்; காற்று வரும் என்று சொல்லி வாசலில்தான் கட்டிலைப் போடுவாய். உன் சமையலறையை நேற்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். நல்ல அகலமாகக் கட்டியிருக்கிறாய். குனியவே வேண்டியிருக்கவில்லை.

வேலை முடிந்ததும் தங்கச்சி, "எவ்ளோண்ணா? சமையக்கட்டுன்னா அவரு சேத்து வாங்குவாரே" என்றது.

"எல்லாக் குழாயும் ஒரே ரேட்டும்மா" என்றேன்.

ரேட்டை மாற்றிவிட்டேன். ஆனால் இன்றும் எந்த வீட்டுச் சமையலறை வாசலிலும் பெட்டியோடு ஒரு நொடி நின்று, உள்ளிருப்பவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கால் வைக்கிறேன். நம் கூட்டுத் தொழிலில் என் பங்காக மிஞ்சியது அதுதான். நேற்று, தங்கச்சி வாய்நிறையக் கூப்பிட்ட பிறகும், உன் வீட்டிலும் அப்படித்தான் நின்றேன்.