இடது சீட்டுக்கு அடியில் நீல வயர்

மாப்ள,

போன ஞாயிற்றுக்கிழமை மாவுத்தூக்கு கவிழ்ந்து காரின் இடது சீட் முழுக்க இட்லி மாவு. துடைத்தும் போகவில்லை. இரண்டே நாளில் புளித்த வாடை தாங்காமல் சீட்டைக் கழற்றினேன். விரிப்பைத் தூக்கினால் அடியில் கட்டைவிரல் அளவு ஒரு ஸ்விட்ச். ஒரு நீல வயர் அதற்குள் போய் வெளியே வருகிறது. சுற்றியிருந்த டேப்பின் மேல் மஞ்சள் நூலால் ஒரு முடிச்சு.

அந்த முடிச்சு உன்னுடையது. "மதுரை வெயிலுக்கு டேப்புல பசை உருகிரும் மாப்ள, நூலுதேன் நிக்கும்" என்று சொல்லிக்கொண்டே கட்டுவாய். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. செத்துப்போனவன் என் வண்டிக்குள் எதை ஒளித்து வைத்திருக்கிறான் என்று குனிந்து பார்த்தேன்.

என்னைத்தான் உனக்குத் தெரியுமே. சர்வேயர் வேலைக்கு வந்த நாளிலிருந்து, எல்லைக்கல்லைப் பார்த்தால் இதை எவன் நகர்த்தினான் என்றுதான் முதலில் தோன்றும். பள்ளிக்கூடத்திலேயே, டிபன் பாக்ஸில் முட்டை பத்திரமாக இருக்கிறதா என்று ஒவ்வொரு பீரியடும் திறந்து பார்க்கிறவன் என்று கேலி செய்வாய். அதனால் நான் எங்கெங்கே போகிறேன் என்று வேவு பார்க்க ஏதோ மாட்டிவிட்டாய் என்றே முடிவு செய்தேன். வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். முன்னால் பாட்டுச் செட்டில் தொடங்கி, பின்னால் டிக்கியில் சத்தத்தைக் கூட்டும் ஆம்பில் முடிந்தது. ரிமோட் வயர். செட்டைப் போட்டதும் ஆம்பை எழுப்பிவிடுவது அதுதான். அதில் கரண்ட் நின்றால் ஆம்ப் தூங்கிவிடும், திம்திம்மென்று அதிரும் ஊஃபர் அடிக்காது. அதைத்தான் நடுவில் வெட்டி ஸ்விட்ச் வைத்திருந்தாய்.

நீ மாட்டிக்கொடுத்த அந்த ஊஃபர் நம்மை என்ன பாடு படுத்தியது! கொட்டாம்பட்டியில் இருக்கும் மாமனார் வீட்டுக்குக் கிளம்பினால் மேலூர் வருவதற்குள் நின்றுவிடும். பாட்டு ஓடும், அடி மட்டும் இருக்காது. மறுநாள் நான் தனியாக ஆபீஸுக்குப் போனால் கண்ணாடி அதிர அடிக்கும். முதலில் ரோட்டைச் சந்தேகப்பட்டேன். பிறகு மாமனார் ஊர்க் கண் என்று எலுமிச்சம்பழம் கட்டினேன். கடைசியில் உன்மேல் வந்து நின்றேன். நாலு தடவை சமயநல்லூரில் உன் கடைக்கு வண்டியைக் கொண்டுவந்தேன். நாலு தடவையும் டிக்கிக்குள் தலையை விட்டு எதையோ நோண்டிவிட்டு, "நீல வயரு லூசா இருந்துச்சு மாப்ள, இறுக்கிட்டேன்" என்றாய். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

ஐந்தாவது தடவை கடையில் ஆட்கள் இருந்தார்கள், காரில் என் மனைவி இருந்தாள். எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. "ஒரு வயரு ஒழுங்காக் கட்டத் தெரியல, ஒனக்கெல்லாம் எதுக்குடா கடை? டூப்ளிகேட் ஆம்ப மாட்டிட்டு நடிக்கிறியா?" என்று கத்தினேன். நீ துணியில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாய். சொல்லியிருந்த டீ வந்தது. குடிக்காமல் கிளம்பினேன். அதோடு உன்னிடம் பேச்சு இல்லை. ஆபீஸிலும் பரவையில் எங்கள் தெருவிலும் யார் கார் வாங்கினாலும், "அவன்கிட்ட மட்டும் போயிராதீங்க" என்று வலியப் போய்ச் சொன்னேன். என் பேச்சைக் கேட்டு வேறு கடைக்குப் போனவர்கள் ஏழெட்டுப் பேராவது இருப்பார்கள்.

ஸ்விட்சும் கையுமாக நிமிர்ந்தபோது என் மனைவி வாசலில் நின்றாள். அவள் முகம் சரியில்லை. என் புத்தி போன இடத்தை எழுதக் கூசுகிறது. "உனக்கும் அவனுக்கும் என்ன ரகசியம்?" என்று கேட்டேவிட்டேன். உன்னை வாய் நிறைய அண்ணே என்று கூப்பிட்டவளிடம், வருஷம் தவறாமல் உன் கையால் பொங்கல் சீர் வாங்கியவளிடம் கேட்டேன்.

அவள் அழவில்லை. "அந்தச் சத்தத்துல மண்ட பொளக்குதுன்னு மூணு தடவ சொன்னேன். புதுசா வாங்குனது பிடிக்காம நடிக்கிறேன்னீங்க. அண்ணேகிட்டச் சொன்னேன். அதுதேன் வச்சுக் குடுத்துச்சு. நீங்க பாக்காதப்ப அமுக்கிருவேன், எறங்குறப்பத் திருப்பிப் போட்ருவேன்" என்றாள். மீதியையும் சொன்னாள். "நீங்க கடையில கத்துனப்ப உள்ளதச் சொல்லிரலாம்னு கார்க் கதவத் தொறந்தேன். அண்ணே என்னயப் பாத்து வேணாம்னு தலைய ஆட்டுச்சு. பெறகு போன்ல கேட்டேன். 'என்னயத் திட்டுனா நான் ரெண்டு நாள்ல மறந்துருவேன். உன்னயச் சந்தேகப்பட்டா அவன் ஆயுசுக்கும் விட மாட்டான் தங்கச்சி'ன்னுச்சு."

நீ சொன்னது சரிதான். அன்றைக்கு நீ உண்மையைச் சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்கக்கூடிய கேள்வியைத்தான் இந்த வாரம் கேட்டேன். என்னை மாப்ள என்று நீ கூப்பிட்டதை வெறும் வாய்ப்பேச்சு என்று நினைத்திருந்தேன். நீ அவளுக்கு அண்ணனாகவே இருந்திருக்கிறாய். அதற்காக வேலை தெரியாதவன் என்ற பேரை வாங்கிக்கொண்டு போய்விட்டாய். உன் காரியத்தன்று நான் பந்தலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது, மாப்ள. இரண்டு நாளில் மறந்திருப்பாயா என்பதிலும் எனக்குச் சந்தேகம்தான்.

ஸ்விட்சை எடுக்கவில்லை. உன் முடிச்சையும் அவிழ்க்கவில்லை. சீட்டைத் திரும்ப மாட்டிவிட்டு நேற்று கொட்டாம்பட்டிக்குப் போனோம். அவள் கையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். ஊஃபர் அடித்துக்கொண்டே இருந்தது. "அமுக்கும்மா" என்று நானே சொன்னேன். அடி நின்றது. கொஞ்ச தூரம் போனதும் அவளாகவே அவள் அப்பாவின் கண் ஆபரேஷன் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

இன்று காலை ஆபீஸில், அன்று உன்னிடம் போகவிடாமல் நான் தடுத்த ஒருவரைப் பிடித்தேன். "சமயநல்லூர்க்காரன் கட்டின வயர் ஒருநாளும் லூசானதில்லை. நான் சொன்னதுதான் தப்பு" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "செத்துப்போனவரப் பத்தி நல்லதாச் சொல்லணும்னு சொல்றீங்க சார்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் நம்பவில்லை, மாப்ள. நாளைக்கு அடுத்த ஆளிடம் போகிறேன்.