வாசலில் கேட்காத பிரேக் சத்தம்

அம்மா,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடு செய்துகொள். கார் சாவியைத் தேடாதே. வண்டி காலையிலிருந்து மெக்கானிக் ஷெட்டில் நிற்கிறது.

நேற்று நீ, "நாலு நாள் சாயங்கால கார் ரிப்பேர் கிளாஸுக்குப் போயிட்டு, அப்பா வண்டிக்கு வைத்தியம் பாக்க வந்துட்டியா?" என்று கோபமாகக் கேட்டாய். எனக்கும் என் மேல் சந்தேகம்தான். அதனால் மெக்கானிக் அண்ணனிடமே கேட்டேன். அவர் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "பிரேக் டிஸ்க் ரொம்ப மெலிஞ்சிருச்சு பாப்பா. பிரேக் பேடு மட்டும் மாத்துனா புதுசையும் தின்னுடும். ரெண்டு பக்கமும் டிஸ்க்கோட சேர்த்தே மாத்திடு" என்றார். நீண்ட நாள் உழைக்கட்டும் என்று செராமிக் பேடு போடச் சொன்னேன். "இது கத்தவே கத்தாது" என்று அவர் சொன்னபோதுதான் உன் கோபம் எனக்குப் புரிந்தது.

அப்பா எப்போதும் மலிவான பேடுதான் போடுவார். வாசலில் அது கீச்சென்று கத்தியதும் நான் டிவியை அணைத்துவிட்டுப் புத்தகத்தை விரிப்பேன். நீ டீக்குத் தண்ணீர் வைப்பாய். அவர் தவறிய பிறகு நான் ஓட்டி வரும்போதும் அந்தச் சத்தத்துக்குத்தான் நீ அடுப்பைப் பற்றவைக்கிறாய்.

ஆனாலும் மாற்றாமல் முடியாது அம்மா. போன வாரம் மேம்பால இறக்கத்தில் வண்டி சட்டென்று நிற்கவில்லை. பயந்துவிடுவாய் என்று சொல்லவில்லை.

பின்குறிப்பு: வகுப்பு முடிந்து ஷெட்டிலிருந்து காரை எடுத்துக்கொண்டுதான் வருவேன். சத்தம் இல்லையே, இன்னும் வரவில்லையே என்று கவலைப்படாதே.

இன்னொன்று: வாசலில் ஒருமுறை ஹாரன் அடிக்கிறேன். அப்போது தண்ணீர் வைத்தால் போதும்.